கழுத்தில் குத்திய எண்

பைன் ஃபோர்க், மொன்டானா
ஜூன் 9, 1996

அன்புள்ள அண்ணன் லோவெலுக்கு,

நான் சௌக்கியம். பள்ளிக்கூடம் அடைத்துவிட்டார்கள். இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்த கைக்கு இனி மூன்று மாதம் ஒரு வாய்க்கு மட்டும்தான் வேலை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கோபுரத்துக் கண்ணாடிகளை எல்லாம் துடைத்து முடித்தாயா?

இந்தக் கோடைதான் கடைசி என்று மலையேறும்போது சொன்னாய். ஏன் என்றால், "போதும்" என்கிறாய். பத்தொன்பது கோடையாக டின்கப் மலை உச்சியில் உட்கார்ந்து காட்டில் எங்கே புகை எழுகிறது என்று பார்த்த மனிதன், அம்மா வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட இறங்கி வராதவன், திடீரென்று போதும் என்றால் எனக்கு உறுத்தாதா? சரி, கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஹால்வர் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தார் அல்லவா, நேற்று அவர் பண்ணைச் சாமான்களை ஏலம் விட்டார்கள். நான் ஊறுகாய் ஜாடி வாங்கத்தான் போனேன். வைக்கோல் வாரியின் அடியில், கோழி எச்சத்துக்கு நடுவில், மஞ்சள் நிறத்தில் ஒரு மூலை தெரிந்தது. உன் வண்டி! நீ எழுபத்திரண்டில் வாங்கி மலையெல்லாம் ஏற்றிக்கொண்டு அலைந்தாயே, அதே மஞ்சள் மோட்டார் சைக்கிள்.

ஏலக்காரன் கத்தினான்: "ஓடாது, கடிக்காது, தீனி கேக்காது! யார் எடுக்கிறீங்க?" பில்லிங்ஸிலிருந்து வந்த ஒரு சேகரிப்புக்காரர் விரலைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அவர் தூக்கத் தூக்க நானும் தூக்கினேன். கடைசியில் அவர், "அம்மா, உங்களுக்கு இது எதுக்கு?" என்று கேட்டார். "எங்க அண்ணன் கடலுக்குப் போகணும்" என்றேன். மனிதர் தொப்பியைத் தொட்டுவிட்டு விலகிக்கொண்டார்.

கோபுரத்தில் ஏறிய முதல் கோடையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய்: கோபுர வேலை முடிந்த அன்று இந்த வண்டியில் ஏறி, மேற்கே, கடல் வந்து முன் சக்கரத்தை நனைக்கிற வரை போவேன் என்று. செப்டம்பர் நடுவில் நீ இறங்கும்போது வண்டி தயாராக இருக்கும். அதற்கப்புறம் கணவாய்களில் பனி விழுந்துவிடும். ஆக எனக்கு இருப்பது ஒரு கோடை. உரிமைப் பத்திரம் எங்கே வைத்திருக்கிறாய், சொல்.

இந்தக் கடிதத்தோடு, மலைக்குச் சாமான் ஏற்றுகிற கிளீட்டின் கோவேறு கழுதையில் பன்றி இறைச்சியும் காப்பித்தூளும் வருகின்றன. கிளீட்டுக்கு ஒரு வாய் காப்பி கொடு.

உன் தங்கை,
ஆர்டிஸ்

டின்கப் கோபுரம்
ஜூன் 23

ஆர்டிஸுக்கு,

முழங்கால் இருக்கிறது. எலிகளும் இருக்கின்றன. நீ சுகமாக இருப்பது சந்தோஷம்.

வண்டியை வாங்கியிருக்க வேண்டாம். பத்திரம் என்று ஒன்று அதற்கு இருந்ததே இல்லை. காட்டில் ஓட்டுகிற வண்டிக்கு அந்தக் காலத்தில் யாரும் பத்திரம் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் ஒரு தாள் கொடுத்தான். அம்மா அதை வைத்து அடுப்பு மூட்டினாள். எழுபத்தொன்பதில் ஹால்வரிடம் வண்டியைக் கொடுத்து, ஒரு சேணமும் ஒரு கறவை மாடும் வாங்கினேன். கை குலுக்கினோம். அவ்வளவுதான் ஆவணம்.

பில்லிங்ஸ்காரருக்கே விற்றுவிடு. கோழிக்கு உட்கார இடம் வேண்டுமானால் மரத்தில் ஒரு கழி செய்து வை.

அடுத்த முறை கறுப்பு மையில் எழுது. உன் நீலம் தண்ணீர் மாதிரி இருக்கிறது. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடு.

லோவெல்

பைன் ஃபோர்க்
ஜூலை 2

அன்புள்ள அண்ணனுக்கு,

துரை உத்தரவுப்படி கறுப்பு மை. நான் நலம், என் வலது கணுக்கால் மட்டும் நலமில்லை, காரணம் பிறகு.

விற்க மாட்டேன். மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் நம் டோரீன்தான். உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளி நடனத்தில் உன் காலை மிதித்தவள்.

"ஏன்டி ஆர்டிஸ், ஏல ரசீதுல 'மோட்டார் சைக்கிள் ஒண்ணு, ஓடாது'ன்னு மட்டும் இருக்கு. இதை வச்சு நான் என்ன பண்ணட்டும்?"

"பத்திரம் பண்ணு."

"இல்லாததுக்கு எப்படிடி பத்திரம் பண்றது?"

"இல்லாததுனாலதானே கேக்குறேன்? இருந்தா உன் மூஞ்சியை எதுக்குப் பாக்க வர்றேன்?"

சிரித்துவிட்டாள். வழி இருக்கிறதாம். வண்டி எப்படிக் கைமாறி வந்தது என்று நான் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். போலீஸ்காரர் ஒருவர் வந்து வண்டியில் குத்தியிருக்கும் எண்ணைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு நிஜச் சொந்தக்காரர் என்று யாராவது முளைத்தால் ஈடு கட்ட ஒரு பிணைப் பத்திரம். தெருவில் ஓட்ட முகப்பு விளக்கு, ஹாரன், கண்ணாடி. எல்லாவற்றையும் முடித்தால் நம்பர் பிளேட் கையில்.

துணை ஷெரீஃப் ரஸ் வந்தான். அதே ரஸ்தான், என் சாப்பாட்டுக் கூடத்தில் பட்டாணியைக் கால்சட்டைப் பையில் ஒளித்தவன். எஞ்சினைத் துடைத்து எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டான். தாள்கள் தலைநகருக்குப் போய்விட்டன.

எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்து தந்தது டிராக்டர் பட்டறைக்காரர். உதைத்துக் கிளப்புவது மட்டும் என் வேலை. ஏழாவது உதையில் அது திருப்பி உதைத்தது. கணுக்கால் கதை அதுதான். எட்டாவதில் கிளம்பிவிட்டது! புகை தெருமுனை வரை. உன் கோபுரத்திலிருந்தே தெரிந்திருக்குமே?

கோபக்காரத் தங்கை,
ஆர்டிஸ்

டின்கப் கோபுரம்
ஜூலை 14

ஆர்டிஸுக்கு,

உன் புகை தெரியவில்லை. மேகமாக இருந்தது.

கணுக்காலுக்கு வெந்நீரில் உப்புப் போடு. கடிதத்தைக் கிளீட்தான் படித்துக் காட்டினான். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அவன் குரலிலும் உன் திட்டு நன்றாகவே இருக்கிறது.

மூன்று நாளாக இடி. காட்டு பெர்ரி பழுத்துவிட்டது. ஓர் அணில் உள்ளே குடியேறிவிட்டது, நேர் எதிரே வந்து நின்று என்னிடம் மிதி வாங்குகிறது.

கடல் எங்கும் ஓடிவிடாது. அதற்காக நீ ஓடாதே.

லோவெல்

பைன் ஃபோர்க்
ஜூலை 27

அண்ணனுக்கு,

கணுக்கால் ஆறிவிட்டது, மனசு ஆறவில்லை. தாள்கள் அப்படியே திரும்பி வந்துவிட்டன.

டோரீன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள். "இந்த எண்ல ஏற்கெனவே ஒரு வண்டி இருக்குடி. ஹார்டின் பக்கம் ஒரு மனுஷன் பேர்ல. அவரு கொட்டகையில, அவரு கண்ணு முன்னால நிக்குதாம்."

"அப்ப என் கொட்டகையில நிக்கிறது பேயா?"

பேய் இல்லை, ஹால்வர். பட்டறைக்காரரை விசாரித்தேன். எண்பத்தைந்தில் உன் எஞ்சின் இறுகிப்போய், ஹால்வர் ஹார்டின்காரரிடம் ஓர் உதிரி எஞ்சின் வாங்கி மாட்டியிருக்கிறார். ரஸ் பார்த்தது அந்த எஞ்சினில் இருந்த எண், அது ஹார்டின்காரர் வண்டியின் எண்ணேதான். பார்க்க வேண்டியது வண்டியின் இரும்புச் சட்டத்தின் எண்ணாம், ஹேண்டில் பாருக்குக் கீழே கழுத்தில் குத்தியிருக்குமாம். இந்த ஊரில் எல்லாரும் எஞ்சினைத்தான் வண்டி என்று நினைக்கிறோம்.

கழுத்தைப் பார்த்தால் ஹால்வர் அங்கே டிராக்டர் பெயின்டை அப்பி வைத்திருக்கிறார், பச்சை மேல் சிவப்பு, சிவப்பு மேல் பச்சை. ரஸ் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க எண்ணே இல்ல. இல்லாததுக்கு நான் கையெழுத்துப் போட்டா என் வேலை போயிரும்" என்கிறான்.

உன் வண்டி. எண் எங்கே என்று உனக்குத் தெரியும். விற்றுவிடு என்று மட்டும் எழுதாதே, அடுத்த கழுதையில் உப்பு வராது.

ஆர்டிஸ்

டின்கப் கோபுரம்
ஆகஸ்ட் 5

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

சௌக்கியம்தானே? கவனமாகக் கேள். கையில் அரத்தை எடுக்காதே! உப்புத்தாளும் கூடாது. எண்ணைச் சுற்றி ஒரு கீறல் விழுந்தாலும் திருட்டு வண்டி என்பார்கள்.

கழுத்தின் வலப்பக்கம், மேலிருந்து இரண்டு விரல் கீழே. பெயின்ட் கரைக்கும் திரவத்தைத் துணியில் நனைத்துச் சுற்றிக் கட்டு. சாப்பிட்டு வா. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய். மறுபடி கட்டு. பச்சை போகும், சிவப்பு போகும், மறுபடி பச்சை போகும், அதற்கடியில் என் மஞ்சள் வரும். மஞ்சள் வந்ததும் நிறுத்து. அதற்கப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் மெல்லத் தடவு. கண் எதையாவது நினைத்துக்கொண்டு பார்க்கும். விரல் இருப்பதை மட்டும் சொல்லும். கடைசியாக வெள்ளைச் சாக்கட்டியைத் தேய்த்துத் துடைத்தால் எண் மட்டும் வெள்ளையாக நிற்கும், ரஸ்ஸும் பார்ப்பான்.

அதை வாங்கிய அன்று கடை வாசலிலேயே அந்த எண்ணைத் தடவித் தடவிப் பார்த்தேன். என் பெயரில் அதுவரை எதுவும் இருந்ததில்லை.

எஞ்சின் சத்தம் எப்படி இருக்கிறது? மேடேறும்போது ஒரு மாதிரி கனைக்குமே, இன்னும் கனைக்கிறதா? யாராவது ஓட்டிப் பார்த்தால் சொல்லிவை: சரளைக் கல்லில் கிட்டத்தில் பார்க்கக் கூடாது. தூரத்தில், போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கேதான் போகும். குழியைப் பார்த்தால் குழியில்தான் விழுவார்கள். அதனால்தான் நான்

கிளீட் கிளம்புகிறான். உப்பு அனுப்பு.

லோவெல்

பைன் ஃபோர்க்
ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம்தானே? உண்மையாகக் கேட்கிறேன்.

முதலில் நல்ல சேதி. மஞ்சள் வந்தது. கண்ணை மூடித் தடவினேன், விரலுக்கடியில் எண் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு நாய் கத்தியது. ரஸ்ஸை வரச் சொன்னேன். அவனும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். "அட, இருக்குக்கா!" அந்த எண் எந்த மாநிலத்தின் பட்டியலிலும் இல்லை. யார் பெயரிலும் இல்லை. பிணைப் பத்திரம் வாங்கி, உறுதிமொழியைத் திருத்தி எழுதி, மறுபடி அனுப்பிவிட்டேன். டோரீன் மூன்று வாரம் என்கிறாள். வண்டி மேட்டில் கனைக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே.

இனி மற்றது. போன செவ்வாய்க்கிழமை பேட்ஜர் ஓடைப் பள்ளத்தாக்கில் தீ. உன் கோபுரத்துக்கு நேர் கீழே. சேதி சொன்னது நீ இல்லை, மருந்து தெளிக்கப் போன விமானக்காரர். ஸ்டர்கிஸ் குடும்பத்தின் வைக்கோல் அடுக்கு போயிற்று, வேலி போயிற்று. பிள்ளைகளை டிரக்கின் பின்னால் போட்டுக்கொண்டு சாம்பல் மழையில் இறங்கி வந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை.

மளிகைக்கடையில் ஒருத்தி கேட்டாள்: "உங்க அண்ணன் மேல தூங்கிட்டாரா என்ன?" அவளை நான் பேசிய பேச்சைக் கேட்டுக் கடைக்காரர் உள்ளே போய்விட்டார். நீ தூங்கியிருக்க மாட்டாய். பத்தொன்பது வருடத்தில் ஒரு பகலும் நீ தூங்கியதில்லை. பிறகு என்ன நடந்தது? ஒரு வரி எழுது.

உன் தங்கை,
ஆர்டிஸ்

பைன் ஃபோர்க்
ஆகஸ்ட் 30

அண்ணா,

எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. ஊறுகாய் ஜாடிக்கு எழுதுகிற அளவில் எழுதுகிறேன், மார்க்கர் பேனாவில். ஒரு பக்கத்துக்கு ஆறு வரிதான் பிடிக்கிறது. இதைக் கிளீட் படிக்க வேண்டியதில்லை, நீயே படி.

கிளீட் இரண்டு முறை மலையிலிருந்து வெறும் பையோடு வந்தான். இரண்டாம் முறை உட்கார வைத்து பெர்ரி அப்பம் வைத்தேன். அவன் அப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன கிளீட், எங்க அண்ணனுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்காரு."

"பின்ன ஏன் எழுதல?"

"ஆர்டிஸ், என்னைக் கேக்காதே. வாக்குக் குடுத்திருக்கேன். அப்பத்தை வேணா எடுத்துக்கோ."

ரகசியத்தைக் காப்பாற்றுகிறவன் ரகசியம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டுப் போனான். நான் உன் கடிதங்களை மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கறுப்பு மை. மாவு பிசைகிற கை. எதிரே நின்று மிதி வாங்குகிற அணில். கண்ணை மூடிக்கொண்டு தடவு. "அதனால்தான் நான்" என்று எழுதி, முற்றுப்புள்ளிகூட வைக்காமல் விட்டாயே, அங்கே வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவுக்கு வந்ததுதானே? நடுவில் மறைந்து, ஓரம் மட்டும் தெரிவது? கடைசி வருஷங்களில் அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைப் பார்ப்பாரே. எத்தனை நாளாக, லோவெல்?

எனக்கு உன் மேல் பரிதாபம் இருக்கிறது. அதைவிட அதிகமாகக் கோபம் இருக்கிறது. அந்த டிரக்கில் இருந்த பிள்ளைகளுக்கு நான்தான் மதியச் சாப்பாடு போடுகிறேன். சின்னவனுக்குப் பட்டாணி பிடிக்காது.

ரேஞ்சரிடம் நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்ல வேண்டும். ரேடியோ உன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, அதைப் பிடிக்கக் கண் வேண்டாம். இந்தக் கடிதம் கையில் வந்த அன்றே சொல். சொல்லவில்லை என்றால் நான் அங்கே நடந்து வந்து, நீ சொல்லி முடிக்கும்வரை உன் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். என்னை உனக்குத் தெரியும்.

ஆர்டிஸ்

டின்கப் கோபுரம்
செப்டம்பர் 4

அன்புள்ள ஆர்டிஸுக்கு,

உன் எழுத்தை நானே படித்தேன். பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துச் சாய்த்து, ஒரு மதியம் பிடித்தது.

ரேடியோவில் சொல்லிவிட்டேன்.

"எப்போலேர்ந்து, லோவெல்?" என்றார் ரேஞ்சர்.

"போன கோடையிலேர்ந்து கொஞ்சம். இந்தக் கோடையில நிறைய."

"போன கோடையில நீங்க ஏழு புகை சொன்னீங்களே?"

"ஓரத்துல வந்ததெல்லாம் சொன்னேன். நடுவுல எத்தனை வந்துச்சோ, எனக்கென்ன தெரியும்?"

ரேஞ்சர் மாற்று ஆளை அனுப்புவதாகச் சொன்னார். பிறகு, "சொன்னதுக்கு நன்றி" என்றார். அவர் திட்டியிருக்கலாம்.

இந்த மலை எனக்கு மனப்பாடம், கண் குறைந்தாலும் சமாளிக்கலாம் என்று நினைத்துவிட்டேன். மலைதான் மனப்பாடம். புகை புதிதாக வருவது. ஸ்டர்கிஸுக்கு நான் கீழே வந்ததும் வேலி போட்டுத் தருகிறேன். கம்பியைக் கையால் இழுத்துக் கட்டலாம்.

நாளை ஒரு பெண் வந்து பொறுப்பேற்கிறாள். என் மூட்டைகளை இறக்கக் கழுதைகள் பதினாறாம் தேதிதான் வரும். அதுவரை அவள் காட்டைப் பார்ப்பாள், நான் உருளைக்கிழங்கு உரிப்பேன்.

வண்டி விஷயத்தில் நீ பட்ட பாடெல்லாம் வீணாகிவிட்டது. அதற்குத்தான் முதலிலேயே வேண்டாம் என்றேன். எனக்கு ஓட்டுநர் உரிமம்கூட இனி தர மாட்டார்கள். பில்லிங்ஸ்காரரைக் கூப்பிடு.

உன் அண்ணன்

பைன் ஃபோர்க்
செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணனுக்கு,

இதுவும் ஜாடி எழுத்துதான். ரேடியோவை எடுத்தாயே, அது போதும் எனக்கு. நன்றாகச் சாப்பிடு. உரித்த கிழங்கை அந்தப் பெண்ணே தின்றுவிடப் போகிறாள்.

பத்திரம் வந்துவிட்டது. கனத்த தாள், ஓரத்தில் புடைத்த முத்திரை. விரலால் தடவினால் தெரியும்.

இதைக் கேள். போன வாரம் கடைசிக் கையெழுத்துக்குப் போனேன். டோரீன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "சரி, யார் பேர்ல போடட்டும்?"

ஜூனிலிருந்து உன் பெயரைத்தான் நாக்கில் வைத்துக்கொண்டு அலைந்தேன். அன்று வாய் திறந்தேன், என் பெயர் வந்தது.

"உன் பேர்லயா? உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாடி?"

"ஜூலையிலேர்ந்து."

ஆமாம், லோவெல். உதைத்துக் கிளப்பியவள் அணைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள் என்றா நினைத்தாய்? தேவாலயத்துப் பின்னால் இருக்கிற சரளை மைதானத்தில் ரஸ் கற்றுக்கொடுத்தான். மூன்று முறை விழுந்தேன், மூன்று முறையும் குழியைப் பார்த்துத்தான். உன் கடிதம் வந்தபின் தூரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கப்புறம் விழவில்லை. உரிமத் தேர்வு பாஸ். ஹாரன் வாத்து மாதிரி கத்துகிறது, பழகிக்கொள்.

எனக்கு மிஸூலாவுக்கு அப்பால் ஒரு சாலையும் தெரியாது. உனக்கு லோலோ கணவாயிலிருந்து கடல் வரை வரைபடம் மனப்பாடம், எனக்குத் தெரியும், சின்ன வயதில் அதைத்தான் சுவரில் ஒட்டியிருந்தாய். நீ பின்னால் உட்கார்ந்து அடுத்த வளைவு எங்கே என்று சொல். தூரத்தைப் பார்க்கிற வேலை என்னுடையது. வேலி திரும்பி வந்து போடலாம், ஸ்டர்கிஸிடம் பேசிவிட்டேன். "பனிக்கு முன்னால போட்டாப் போதும்"னார்.

பதினாறாம் தேதி காலை, கழுதைகள் இறங்கும் மலையடிவாரத்தில் நிற்பேன். தலைக்கவசம் இரண்டு. முடியாது என்று எழுத உனக்குத் தபால் இல்லை, இதைக் கொண்டுவரும் கிளீட் உன் பதிலை வாங்க மாட்டான், அடுத்து அவன் மேலே வருவது உன்னை இறக்கத்தான்.

வண்டியின் சொந்தக்காரி,
ஆர்டிஸ் ஸ்கார்

ஆரெகன் கடற்கரை
செப்டம்பர் 21
(படம் போட்ட தபால் அட்டை)

கிளீட்,

நானும் நலம், அவளும் நலம். உன் கழுதைகள் நலமா? என் எழுத்து சாய்ந்து ஓடினால் மன்னித்துக்கொள்.

வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். "யாரோட வண்டி இது?" என்று கேட்டு அவர் வாய் மூடுவதற்குள் ஆர்டிஸ் பத்திரத்தை எடுத்து நீட்டிவிட்டாள். "என்னோடது! படிச்சுப் பாருங்க! நல்லாப் படிங்க!" பின் விளக்கு எரியவில்லை என்று சொல்லத்தான் நிறுத்தினாராம். முழுக்கப் படிக்காமல் அவரை இவள் விடவில்லை.

இன்று முன் சக்கரம் நனைந்தது. கடலின் நடுப்பகுதி எனக்குத் தெரியவில்லை, ஓரம் மட்டும்தான் தெரிகிறது என்றேன். ஆர்டிஸ் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் ஓரம்தான்டா தெரியுது. இங்க நிக்கிற யாருக்கு நடு தெரியுதாம்?"

லோவெல்